ஏழாம் எண் சிவப்பு

வீட்டில் வாழைப்பழமே இல்லை. வாசனை மட்டும் மூன்று நாளாக வந்துகொண்டிருந்தது. யாரோ ஒரு சீப்பை எங்கோ மறந்து வைத்துவிட்டு, அது தோல் கறுத்து, காம்பு கழன்று, சின்ன ஈக்கள் சுற்றுகிற பருவத்துக்கு வந்துவிட்டால் எப்படித் தித்திப்பாகவும் குமட்டலாகவும் மணக்குமோ, அப்படி ஒரு வாசனை. காலையில் முன்னறையில் இருக்கும். வெயில் ஏறினால் நடைக்கு நகரும். மாலையில் தெங்கேரா பக்கமிருந்து கடற்காற்று வீசத் தொடங்கியதும் மருதமுத்துவின் வேலை மேசைக்கு அடியில் வந்து, பழகிய நாய் மாதிரி சுருண்டு படுத்துக்கொள்ளும்.

அவர் மனைவி கமலவேணி அலமாரிக்குப் பின்னால், கட்டிலுக்கடியில், அரிசி டின்னுக்குள் என்று எல்லா இடத்திலும் துழாவிப் பார்த்துவிட்டாள். பொங்கலுக்கு முந்தின நாள் அவள் ஆட்கள், மலாக்கா காஜா பெராங்கில் தலைமுறையாக மலாய் பேசி வாழ்கிற செட்டிகள், செத்துப்போனவர்களுக்கு இலை போட்டுப் படைப்பார்கள். பர்ச்சு என்பார்கள். அதற்கு முன்னால் வீட்டில் அழுகல் வாடை இருக்கக்கூடாது என்று அவளுக்குக் கவலை.

"யாரோ பாட்டன் பூட்டன் நாலு நாள் முன்னாடியே வந்து பழத்தை முடிச்சிட்டுப் போறாங்கம்மா" என்றாள் மகள் மல்லிகா. கமலவேணி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

மருதமுத்து சிரிக்கவில்லை. அவருக்கு அந்த வாசனை தெரியும். அது பழம் இல்லை. விமானத்துக்கு அடிக்கிற பெயிண்டில் ஊற்றிக் கலக்கும் தின்னர். கடைசியாக அதை அவர் முகர்ந்தது ஜொகூர் விமானத் தளத்தில், ஜப்பான்காரன் இறங்கிவந்த அந்த ஜனவரியில். பதினாறு வருடமாகிவிட்டது.

இப்போது அவர் கடைப் பலகை எழுதுகிறவர். மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த இந்த ஐந்து மாதத்தில் கைக்கு ஓய்வில்லை. ஊரெல்லாம் பழைய பலகைகளில் இருந்த கிரீடத்தை அழித்துப் புதிதாக எழுதச் சொன்னார்கள். எந்தப் பலகையானாலும் நட்டநடுவில் ஒரு சிவப்புப் பொட்டு வைத்துவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். காய்ந்தபின் அதன்மேல் எழுத்து ஏறிவிடும், வெளியே தெரியாது. ஆனால் உள்ளே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மருதமுத்து பொட்டு வைத்த கடை நொடித்ததில்லை என்று ஊரில் பேச்சு. கல்யாணப் பந்தலுக்கும், புதுப் படகுக்கும்கூட அவரைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னார்கள். அந்தக் கைக்காகத்தான் அண்ணன் ராஜரத்தினம் தோட்டத்துத் தமிழன் என்று பார்க்காமல் தன்னைக் கட்டிக்கொடுத்தார் என்று கமலவேணி விளையாட்டாகச் சொல்வாள். விளையாட்டில்லை, உண்மை.

கடிதம் செப்டம்பரில் வந்தது. இங்கிலாந்திலிருந்து ஹார்வுட் என்ற பெண்மணி எழுதியிருந்தார். அவருடைய அண்ணன் ஒரு குண்டுவீச்சு விமானத்தை ஓட்டியவர். நாற்பத்திரண்டு ஜனவரியில், இன்னும் இரண்டு பேரோடு, தன் பக்கத்துப் பீரங்கிகளாலேயே சுடப்பட்டு மலாக்கா கடலில் விழுந்தார். விமானி வழி தப்பிவந்தான், தவறு அவனுடையது என்று கோப்பை மூடிவிட்டார்கள். 'என் அண்ணன் வழி தப்புகிறவன் இல்லை' என்று அந்த அம்மாள் எழுதியிருந்தார். 'அந்த விமானத்தின் நிறங்களை அறிய விரும்புகிறேன். மேலே என்ன, கீழே என்ன. முக்கியமாக, இடது இறக்கையின் அடியில் என்ன குறி இருந்தது. அந்தத் தளத்தில் பெயிண்ட் அடித்தவர்களில் உயிரோடு இருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்கிறார்கள்.'

விமானத்தின் எண்ணையும் எழுதியிருந்தார். மருதமுத்து அதை இரண்டாம் முறை படிக்கவில்லை. தேவையிருக்கவில்லை.

முடியாது என்று எழுதியிருக்கலாம். ஏன் எழுதவில்லை என்று அவருக்கே தெரியாது. பழைய இரும்பு வாங்கி விற்கும் சின்னப்பாவிடம், கிளேபாங் மீனவர் வலையில் தகடு ஏதாவது மாட்டினால் கொண்டுவரச் சொன்னார். அவனும் கோழிக்கூண்டுக் கூரையாகவும் அடுப்பு மறைப்பாகவும் ஆகிப்போயிருந்த துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டினான்.

"நாடே புதுக்கொடிக்குப் பெயிண்ட் கேக்குது, நீங்க கப்பலைச் சொரண்டிக்கிட்டு இருக்கீங்கண்ணே."

"கப்பல் இல்லடா. விமானம்."

"கடல்லதானே கெடந்துச்சு? அப்ப கப்பல்தான் லா."

துண்டுகளை வடக்கு ஜன்னலோரம் வைத்து, உப்புத்தாளைத் தண்ணீரில் தொட்டு, காசளவு இடத்தில் வட்டமாகத் தேய்ப்பார். தேயத் தேய மேலிருக்கும் நிறம் விலகி அடுத்தது தெரியும். அது விலகி அதற்கடுத்தது. மரத்தை அறுத்தால் தெரிகிற வளையம் போல நிறங்கள் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிடக்கும். ஒவ்வொன்றையும் பகல் வெளிச்சத்தில் மட்டும் பார்த்து, அதே நிறத்தைக் கலந்து, ஒரு அட்டையில் பூசி எண் போட்டார். இறக்கையின் மேலே கரும்பச்சை, மண்பழுப்பு. அடியில் வாத்து முட்டையின் வெளிறிய பச்சை. ஏழாம் எண் அட்டை சிவப்பு. குங்குமச் சிவப்பில்லை, மழையில் நனைந்த பழைய செங்கல்லின் சிவப்பு.

அந்த ஏழாம் எண்ணை அவர் ஞாபகத்திலிருந்து கலந்திருந்தார். அது இருக்கும் துண்டு இன்னும் வரவில்லை. வராமலே போகட்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் சாக்கை அவிழ்த்தார்.

மூன்று நாளுக்கு முன்னால் வந்துவிட்டது. வாழை இலை நீளத்துக்கு ஒரு தகடு. உப்பும் சேறும் அப்பிய மேல்பகுதியை அவர் தேய்த்தார். வாத்து முட்டை நிறம். அதன்மேல் ஒரு வளைவு, சிவப்பு. சிவப்பைச் சுற்றி வெள்ளை இருந்திருக்க வேண்டும். வெள்ளையைச் சுற்றி நீலம். வெள்ளைக்காரன் விமானம் ஒவ்வொன்றுக்கும் அதுதான் அடையாளம், மூன்று நிறமும் சேர்ந்து. அவர் சிவப்பின் ஓரத்திலிருந்து ஒரு சாண் தூரம் வரை தேய்த்துப் பார்த்தார். வெள்ளை இல்லை. நீலம் இல்லை. சிவப்பின் நடுவில் குத்தூசி முனை அளவு ஒரு துளை. நூலைக் கட்டி வட்டம் சுழற்றுவதற்காகக் குத்தியது. அவரே குத்தியது.

விரலை எடுத்தபோது நுனியில் சிவப்பு ஒட்டியிருந்தது. ஈரமாக.

அன்றைக்குத்தான் வாசனை தொடங்கியது.

*

அன்று தளத்தில் நடந்ததை அவர் யாரிடமும் சொன்னதில்லை. நம் ஆட்களே நம் விமானத்தைச் சுடுகிறார்கள், இறக்கையடியில் பழைய குறியை மூடிவிட்டுப் பெரிதாகப் புதிதாகப் போடுங்கள் என்று உத்தரவு. பெயிண்டர்களைக் கண்காணித்த வெள்ளைக்காரன் வெளி வளையத்திலிருந்து உள்ளே வாருங்கள் என்று சொன்னான். முதலில் நீலம். மற்ற பையன்கள் அப்படித்தான் செய்தார்கள். மருதமுத்துவின் கை கேட்கவில்லை. பொட்டு வைக்காமல் அந்தக் கை எதையும் தொட்டதில்லை. நடுவில் குத்தூசியைக் குத்தி, நூலைச் சுழற்றி, முதலில் சிவப்பை நிரப்பினார். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பட்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் நிரப்பினார். சங்கு ஊதிற்று. எல்லாரும் ரப்பர் காட்டுக்குள் ஓடினார்கள். திரும்பி வந்தபோது விமானம் கிளம்பிப் போயிருந்தது.

வெறும் சிவப்பு வட்டம். ஜப்பான்காரன் இறக்கையில் இருப்பது அதுதான்.

கடற்கரைப் பீரங்கிக்காரர்கள் அண்ணாந்து பார்த்திருப்பார்கள். என்ன தெரிந்ததோ அதைச் சுட்டார்கள்.

இதை எழுதினால் இங்கிலாந்தில் ஒருவனுடைய பெயர் சுத்தமாகும். காஜா பெராங்கில் ஒருவனுடைய கை என்ன ஆகும்? அவர் பொட்டு வைத்த கடைகள், படகுகள், மணவறைகள்? மல்லிகாவுக்குத் தையில் பேசி முடிக்கவிருக்கிற இடம் அந்தக் கையைப் பார்த்துத்தான் வந்தது. ஒரு பகல் முழுக்கப் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுதினார். 'இடது இறக்கையின் அடியில் சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் முழுமையாகவும் சரியாகவும் இருந்தன.' கையெழுத்துப் போட்டு, ஆறு அட்டைகளோடு உறையில் வைத்தார். ஏழாவதை வைக்கவில்லை. சின்னப்பா பாசார் பக்கம் போகிறவன், தபாலில் சேர்த்துவிட்டு வந்து "பெட்டியில போட்டுட்டேண்ணே, உள்ள விழுந்த சத்தம்கூடக் கேட்டுச்சு" என்றான்.

தகட்டைச் சாக்கில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

மறுநாள் காலை வாசற்கதவில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தது.

கமலவேணிக்கு ஒரே சந்தோஷம். வருஷா வருஷம் கெஞ்சினால்தான் கதவுக்குப் பொட்டு வைப்பார், இந்த வருஷம் சொல்லாமலே வைத்துவிட்டார் என்று அண்ணியிடம் பெருமையாகச் சொன்னதை அவர் உள்ளேயிருந்து கேட்டார். வெளியே வந்து பார்த்தார். உள்ளங்கை அகலம். குங்குமச் சிவப்பில்லை.

அட்டையை எடுத்துவந்து பக்கத்தில் பிடித்தார். நல்ல வெளிச்சம். அட்டை எங்கே முடிகிறது, கதவு எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை.

டர்பன்டைன் தொட்டுத் துடைத்தார். ஈரமாக இழுத்துக்கொண்டு வந்துவிட்டது. கீழே மரத்தில், நட்டநடுவில், ஊசித் துளை.

மத்தியானம் தண்ணீர்ப் பானையில் ஒன்று. சாமி மாடத்துப் பலகையில் ஒன்று. மாமரத்தில் ஆள் உயரத்தில் ஒன்று. எல்லாம் பண்டிகைக்குப் பொட்டு வைக்கிற இடங்கள்தாம், அதனால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லை. அவருக்கு மட்டும் தெரிந்தது. அவர் துடைத்துக்கொண்டே போனார். துடைத்துவிட்டுத் திரும்பினால் கதவில் மறுபடி இருந்தது. இப்போது பெரிதாக. அளந்தார். பன்னிரண்டு அங்குலம். அன்றைக்கு நூலில் முடிச்சுப் போட்ட அதே அளவு.

"அபாங், என்ன பாடு படுறீங்க? வைக்கிறீங்க, அழிக்கிறீங்க" என்றாள் கமலவேணி. வீட்டில் மலாய் பேசி வளர்ந்தவள், புருஷனை அபாங் என்றுதான் கூப்பிடுவாள். அவருக்காகத் தமிழ் பேசும்போது ஒவ்வொரு சொல்லையும் மெதுவாக எடுத்து வைப்பாள்.

"நான் வைக்கல."

"பின்னே?"

அவள் அவர் வலது கையைப் பிடித்துத் திருப்பிக் காட்டினாள். ஐந்து விரல் நுனியும் சிவப்பு. நகக்கண் வரைக்கும்.

*

பர்ச்சு நாள் மத்தியானம் மழை வருவதுபோல் மூடிக்கொண்டது, வரவில்லை. காற்றே இல்லை. முன்னறையில் பாய் விரித்து ஏழு இலை போட்டார்கள். இலை எப்போதும் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும். நெய்ச்சோறு, மீன் சம்பால், கோழி, கூவே பலகாரம், இளநீர், பாட்டனுக்குச் சுருட்டு. மெழுகுவத்தி ஏற்றினார்கள். வாழைப்பழமும் இருந்தது. அதனால் வாசனையைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

பிறகு ஜன்னல்களை அடைத்து, கதவைச் சாத்திவிட்டு, எல்லாரும் வெளியே வந்து மாமரத்தடியில் நின்றார்கள். செத்தவர்கள் சாப்பிடும்வரை யாரும் உள்ளே போகக்கூடாது. பேசக்கூடாது. பிறகு குடும்பத்துப் பெரியவர் போய்க் கதவை மூன்று முறை தட்டித் திறப்பார். எப்போதும் ராஜரத்தினம்தான் தட்டுவார். இந்த வருஷம் அவருக்கு முட்டி வீங்கியிருந்தது. "மச்சான், நீங்க போங்க. ராசியான கை" என்றார்.

பேச்சு நின்றது. பக்கத்து வீட்டு வானொலியும் நின்றது. கோழிகள்கூட எங்கோ போயிருந்தன. மருதமுத்து கமலவேணியின் பக்கத்தில் நின்றார். அவள் நெற்றியில் எப்போதும் வைக்கிற குங்குமம், மிளகளவு. மல்லிகாவுக்குக் கறுப்புச் சாந்து. அவர் பார்த்து வைத்துக்கொண்டார்.

அப்போது உள்ளே சத்தம் கேட்டது.

சரக். சரக். சரக்.

உப்புத்தாள். தண்ணீர் தொட்டு, நிதானமாக, வட்டமாக. பிறகு பாயின்மேல் ஈரக் காலணி வைக்கிற சத்தம். ஒருவர். இன்னொருவர். கொஞ்சம் பொறுத்து, மூன்றாவது.

மற்றவர்கள் முகத்தில் ஒன்றுமில்லை. மல்லிகா கொட்டாவி விட்டாள்.

"வேணி" என்றார் மெல்ல. பேசக்கூடாத நேரம். அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "இங்கிலாந்துக்கு நான் எழுதினது பொய்."

அவள் உதட்டில் விரல் வைத்தாள்.

"வெள்ளையும் நீலமும் நான் போடல. மூணு பேரு..."

"அப்புறம் சொல்லுங்க, அபாங். அவங்க சாப்பிடுறாங்க."

சத்தம் நின்றது. ராஜரத்தினம் தலையை ஆட்டிச் சைகை காட்டினார். மருதமுத்து நடந்தார். கதவில் சிவப்பு வட்டம். அதன் மேலேயே தட்டினார். ஒன்று. இரண்டு. மூன்று. விரல் முட்டிகள் ஈரத்தில் வழுக்கின.

திறந்தார்.

இருட்டில்லை, ஏழு மெழுகுவத்தியும் அசையாமல் நின்று எரிந்தன. அப்போதுதான் ஏற்றியதுபோல் உயரமாக இருந்தன. வாசனை முகத்தில் வந்து அடித்தது. ஏழு இலையிலும் சோறு தொடாமலே இருந்தது. வெள்ளைச் சோற்றுக் குவியல் ஒவ்வொன்றின் உச்சியிலும் சிவப்பு. வட்டமாக. வழிந்துகொண்டு.

எட்டாவதாக ஒன்று கிடந்தது. இலை இல்லை. தகடு.

தகட்டின்மேல் ஒரு தாள். நனைந்து, உப்புப் பூத்து. அவருடைய கையெழுத்து. தபாலில் போன கடிதம். மை எல்லாம் கரைந்துவிட்டிருந்தது. ஒரே ஒரு சொல் மட்டும் கரையாமல் இருந்தது.

சிவப்பு.

அவர் பின்வாங்கினார். கால் ஈரத்தில் பட்டது. குனிந்து பார்த்தார். பாயில் சேற்றுத் தடங்கள், மூன்று பேருடையவை. இலைகளைச் சுற்றி, தகட்டைச் சுற்றி, அறையைச் சுற்றி. பிறகு வாசலை நோக்கி. விரல்பக்கம் வெளியே பார்த்தபடி. வாசற்படியில் கடைசித் தடம், அதில் தண்ணீர் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

வந்தவர்கள் உள்ளே இல்லை.

ஒரு கணம்தான் நின்றிருப்பார். திரும்பியபோது மெழுகுவத்திகள் ஏழும் அடிவரை எரிந்து அணைந்திருந்தன. மரத்தின் நிழல் முற்றத்தைத் தாண்டிப் போயிருந்தது. மேகம் விலகியிருந்தது. நல்ல வெயில். நிறம் பார்ப்பதற்கு ஏற்ற வெயில்.

எல்லாரும் மாமரத்தை விட்டு நகர்ந்து, திறந்தவெளியில், வரிசையாக நின்றார்கள். ராஜரத்தினம். அவர் மனைவி. மல்லிகா. கமலவேணி. முகங்களை வானத்துக்குத் தூக்கி. அசையாமல்.

ஒவ்வொரு நெற்றியிலும் புருவத்திலிருந்து மயிர்க்கோடு வரைக்கும் வட்டம். ஓரம் பிசகாமல், நூல் கட்டிச் சுழற்றிய வட்டம். ஈரம். ஏழாம் எண்.

வட்டத்தின் நடுவில் துளை. ஒவ்வொரு துளையிலும் ஒரு சொட்டு, அது வேறு சிவப்பு.

அவர் தன் கையைப் பார்த்தார். வலது கையில் குத்தூசி. விரலைச் சுற்றி நூல்.

கடல் பக்கமிருந்து ஒரு சத்தம் தொடங்கியது. தேனீக் கூடு மாதிரி. தாழ்வாக. பிறகு அத்தனை தாழ்வாக இல்லை.

கமலவேணி கண்களைத் திறக்கவில்லை. குரல் மட்டும் வந்தது, எப்போதும்போல, சொல் சொல்லாக.

"அபாங். சுத்தி ஒண்ணும் போடலையா?"

அவர் நீல டப்பாவுக்கு ஓடினார். மேசையடியில் இருந்த வெள்ளை டப்பாவுக்கு ஓடினார். மூடியை நெம்பினார். சிவப்பு. அடுத்ததை நெம்பினார். சிவப்பு.

வெளியே, தெங்கேரா கரையில் எங்கோ, பதினாறு வருடமாகத் திரும்பாத கனமான பீரங்கிக் குழல் ஒன்று மெதுவாகத் திரும்பி, மேலே நிமிர்ந்து, நின்றது. முற்றத்து வெயிலில் நான்கு முகங்களும் வானத்தைப் பார்த்தபடியே இருந்தன. நான்கு வட்டங்களும் எவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும்படி பளிச்சென்று இருந்தன.